ஏழுதான் உச்சம்

காட்பாடி தாண்டி சித்தூர் சாலையில்
பள்ளியின் மாடி அரங்கு. சனிக்கிழமை, மணி நாலு.
அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் முடியவில்லை.
ஒருங்கிணைப்பாளர் செலின் இருபத்தாறு படங்கள் போட்டுக் காட்டி
ஏதாவது கேள்வி உண்டா என்றார், ஆங்கிலத்தில்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
புரிந்தவர்களின் மௌனம் வேறு மாதிரி இருக்கும்,
பதினோரு வருஷம் ஸ்டேட் போர்டுக்கு
வேதியியல் நடத்தியவனுக்குத் தெரியும்.
"கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க சார்"
மைக் என் கைக்கு வந்தது.

ஆறு பாடம் என்றேன்.
ஒவ்வொன்றுக்கும் ஏழுதான் உச்சம்.
"நூத்துக்கு ஏழா?"
ஏழுக்கு ஏழு.
ஆம்பூர் ஜியாவுல்லா பாய் பெருமூச்சு விட்டார்:
"நல்லவேளை சார், ஏழரை இல்ல."
அதற்கப்புறம்தான் அரங்கில் காற்று வந்தது.

கட்-ஆஃப் எவ்வளவு.
நீட் எழுதலாமா. எழுதலாம்,
அறிவியல் மூன்றும் எடுத்திருந்தால்;
ஆனால் அதற்குத் தனியாகப் படிக்க வேண்டும்,
பொய் சொல்ல மாட்டேன்.
தொண்டு செய்தால் எத்தனை மார்க்.
மார்க் கிடையாது.
"அப்ப எதுக்குச் செய்யணும்?"
காலை ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்த நர்ஸ் மலர்க்கொடி,
தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்,
கண் திறக்காமலே சொன்னார்:
"செய்யலன்னா பட்டயம் இல்லையாம். படத்துல இருந்துச்சு."

அறிவுக் கோட்பாடு என்று ஒன்று.
சொன்னதும் எனக்கே அரசாணை வாசித்த மாதிரி இருந்தது.
மாற்றிச் சொன்னேன்.
உனக்கு எப்படித் தெரியும்? அதுதான் பாடம்.
முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.
நம் வீடுகளில் அது கேள்வி இல்லை, திட்டு.
உனக்கெப்படித் தெரியும், பெரிய இவனாட்டம் பேசாதே.
இங்கே அதே வாக்கியத்துக்குப் பிள்ளை
ஆயிரத்து அறுநூறு சொல்லில் பதில் எழுத வேண்டும்.

பிறகு நீண்ட கட்டுரை. நாலாயிரம் சொல்.
கேள்வியைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும்.
நாங்கள் வழி காட்டலாம், எழுதித் தரக் கூடாது.
"எம் பொண்ணு என்ன கேள்வி எடுத்திருக்கு?"
எழுந்தவர் முனிரத்தினம்.
போன மூன்று கூட்டத்துக்கும் வராதவர்.
ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை.

செலினைப் பார்த்தேன்.
அவர் ப்ரொஜெக்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.
மூன்றாம் வரிசையில் தேஜஸ்வினி
தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள்.
சொல்லித்தான் ஆக வேண்டும்:
பாலாற்றங்கரையில் பன்னிரண்டு கிணறுகள்,
ஆலைகளை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனால்
நீரில் குரோமியம் எவ்வளவு குறைகிறது?

அந்தச் சொல்லை என்னைவிட நன்றாக அறிந்தவர்.
மூட்டைக் கணக்கில் வாங்குகிறவர்.
அவர் உட்காரவில்லை.
இரண்டாம் தவணை இன்னும் பாக்கி என்று
எனக்குள் ஒன்று வெட்கமில்லாமல் கணக்குப் போட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்" என்றார் கடைசியில்,
பெண்ணைப் பார்த்து.
கேள்வியா திட்டா,
எனக்குப் பிடிபடவில்லை.
"இன்னும் தெரியாதுப்பா.
எடுத்துப் பாத்தாத்தான்."

டீயும் சமோசாவும் கொடுத்தார்கள்.
டம்ளரோடு என் பக்கம் ஒதுங்கினார்.
"நாலாயிரம் சொல்லுன்னா எத்தன பக்கம் வரும்?"
பதினைந்து இருக்கும்.
"அந்தப் பன்னண்டுல எங்க கெணறு இருக்குதா?"
இல்லை என்றேன்.
அது ஆலை மதிலுக்குள் இருப்பது.
அவள் கேட்கவில்லை, நாங்களும் கேட்கச் சொல்லவில்லை.
ஒரு மடக்கில் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கள் காலை ஆய்வக மேசைமேல்
ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில், கழுத்துவரை தண்ணீர்.
ரப்பர் பேண்டில் செருகிய சீட்டு.
தேஜஸ்வினியின் கையெழுத்து இல்லை.
"பதிமூணு."

வேதியியல்காரன் நான் என்ன செய்ய?
கழுவாத பாட்டிலில் பிடித்த நீர் சோதனைக்குச் செல்லாது.
திரும்ப எடுக்க வேண்டும், சுத்தமான பாட்டிலில்,
அவளே போய்.
அதை அவருக்குத் தமிழில் எப்படிச் சொல்வதென்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.