வளைய நகரத்தின் வெல்டர்கள்

வியாழன் இரவு. ஜுபைல் கேம்ப், அறை பதினான்கு.
ஏசி ஒழுகும் இடத்தில் பக்கெட்.
மேல்கட்டில் கம்பியில் சாய்த்த செல்போனுக்குள்
பூமிக்கும் வளைய நகரத்துக்கும் சண்டை.

பேச்சு ஜப்பான். அடியில் ஓடுவது அரபி.
சிக்கந்தருக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது.
எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள்
இரண்டு கப்பல்கள் எரிந்துவிடும்.
எனவே கதையை நாங்களே பேசி முடிவு செய்தோம்:

வளையத்தில் இருப்பவர்கள்
காற்றுக்கு வாடகை கட்டுகிறார்கள்.
மூன்று தலைமுறை அங்கேயே பிறந்தும்
வருடத்துக்கு ஒருமுறை பூமியில் முத்திரை வாங்கவேண்டும்.
ஒருநாள் முடியாது என்றுவிட்டார்கள்.
"அப்போ பூமிதான் கஃபீல்" என்றார் திரவியம் அண்ணன்.
அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இயந்திர மனிதனின் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்து
ஓட்டுகிறவனுக்குப் பதினைந்து வயது இருக்கும்.
"எவன்டா இவனுக்கு லைசென்ஸ் கொடுத்தது?"
கிரேன் பரீட்சை மூன்று தடவை எழுதியவர் அண்ணன்.
அந்தப் பையன் அழும்போதெல்லாம்
லிவரைப் பிடிக்கிற கையை மட்டும்தான் பார்ப்பார்.

நாங்கள் வளையத்தின் பக்கம். எல்லோரும்.
நான்காம் பாகம் வரைக்கும்.
அதில் வளையத்துத் தலைவி மேடையில் பேசுகிறாள்,
விடுதலை பற்றியாகத்தான் இருக்கவேண்டும்,
கூட்டம் கைதட்டுகிறது,
அவளுக்குப் பின்னால் ஒருவன் தரை துடைத்துப் போகிறான்.
நிறுத்தச் சொன்னேன். பின்னால் இழுத்தோம்.
ஒரு நொடி கூட இல்லை.
சீருடை வரைந்திருக்கிறார்கள், துடைப்பம் வரைந்திருக்கிறார்கள்,
முகம் வரையவில்லை.
"இவன் எந்த ஊர்க்காரன்?" என்றேன்.
சிக்கந்தர் அடியெழுத்தில் தேடினான்.
அவன் பேசினால்தானே எழுத்து வரும்.

ஏழாம் பாகத்தில் வளையம் உடைந்தது.
மரங்களும் பள்ளிக்கூடமும் இருட்டுக்குள் கொட்டின.
உடைந்த விளிம்பை விரலால் பெரிதாக்கிப் பார்த்து
இருதயம் சொன்னான்:
"ரூட் பிடிக்கல. எக்ஸ்ரே எடுக்காம
எவனோ கையெழுத்துப் போட்டிருக்கான்."
சிரித்து அடங்கியபோது கீழ்க்கட்டிலில் இருந்து
யோகேஸ்வரன் சொன்னான்:
"சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ."
தூங்கிவிட்டான் என்று நினைத்திருந்தோம்.
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

காரணம் யாரும் கேட்கவில்லை.
அதற்குப் பிறகு அந்தப் போர் ஊமையாகவே நடந்தது.
நகரங்கள் சத்தமில்லாமல் வெள்ளையாயின.
பக்கெட்டில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

பத்தாம் பாகத்தின் நடுவில் வைஃபை கார்டு தீர்ந்தது.
இரண்டு படைகளும் எதிரெதிரே நின்றபடி
ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது.
புதுக் கார்டுக்குச் சம்பளம் வரவேண்டும்.
சம்பளம் போன மாதமும் வரவில்லை.

சனிக்கிழமை காலை, டேங்க் 207.
எரிவாயு நிரப்பப்போகும் உருண்டை.
மேன்ஹோலில் முதலில் தலை, பிறகு ஒரு தோள்,
மூச்சை விட்டால்தான் மற்றத் தோள்.
உள்ளே
தரை மெல்ல நிமிர்ந்து சுவராகிறது,
சுவர் குனிந்து கூரையாகிறது.
தலைக்கு மேலே சாரத்தில் இரண்டு பாதங்கள்.
கிரைண்டர் தீப்பொறிகள்
என்னைத் தாண்டிக் கீழே போய் அணைகின்றன.
அந்த ஊரின் இரவை இப்படித்தான் வரைந்திருந்தார்கள்.

வெளியே பலகையில் எங்கள் பெயர்ச் சீட்டுகள், ஐந்து.
வாசலில் தன்பகதூர், நேபாளி, ஆள் காவல்.
உள்ளே போன கணக்கும் வெளியே வந்த கணக்கும்
ஒத்துப்போகவேண்டும், அதுதான் அவன் டியூட்டி.
அவன் அறையிலும் அந்தப் படம் ஓடுகிறதாம்.
ஓட்டை வழியாக முகம் நீட்டிக் கேட்டான்,
ஜெயித்தது யார்?
தெரியாது பாய், கார்டு முடிந்துவிட்டது.
அவனுக்கும் ஒன்பதோடு நின்றுவிட்டதாம்.

ஹெல்மெட்டை இறக்கினேன். கண்ணாடி பச்சையாக இருண்டது.
இதற்குள் யாரும் குடியிருக்கப் போவதில்லை, தெரியும்.
ஃபோர்மேன் சீக்கிரம் சீக்கிரம் என்கிறான், அதுவும் தெரியும்.
ரூட்டை நிதானமாகப் போட்டேன்.

மேன்ஹோலில் இருந்து குரல்:
பாஞ்ச்?
திரும்பாமலே சொன்னேன்:
பாஞ்ச்.