ஏழு மாத்திரை

கத்தி இல்லை, தையல் இல்லை என்றார்கள்.
மெல்லிய குழல் ஒன்று, மஞ்சள் மாத்திரை ஏழு,
தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.
மலேரியாவுக்கு என் அப்பா விழுங்கிய அதே மாத்திரைதான்.
அவர் விழுங்கினார்.
கருப்பைக்குள் வைத்தால் என்ன செய்யும் என்று
எலிகளிடம்கூட இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

நான் பதிவேடு எழுதுகிறவள்.
வியட்நாமில் ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனை, மழைக்காலம்.
லூப்பைச் சரிபார்க்க என்றுதான் வரச்சொன்னோம்.
லூவா கேட்டாள்:
"இன்னொன்று பெற்றுக்கொள்ளத் தோன்றினால்
இதை எடுத்துவிடலாம்தானே?"
மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
சம்மதம் என்ற கட்டத்தில் நான் டிக் போட்டேன்.
அன்று அறுபத்தொரு டிக்.
என் கையெழுத்து அழகு என்றார்கள்.

தாவ் மட்டும் சிரித்தாள்,
"ஐந்து பெற்றாயிற்று, விட்டது தொல்லை."
அவளையும் யாரும் கேட்கவில்லை.

ரப்பர் மரத்தில் கீறிய இடம் வடுவாய் நிற்கும்.
எந்த ஆண்டு, யார் கை, எவ்வளவு ஆழம்,
பார்த்தே சொல்லிவிடலாம்.
விசாரணைக்கு வந்தவர்கள்
லூவாவின் வயிற்றைப் பார்த்தார்கள்,
காயம் எங்கே என்றார்கள்.

பதிவேடு என் மடியில் இருந்தது.