இருபத்து மூன்று கூரைகள்

மூத்துக்கர்ப்பென் வாட்ஸ்அப்பில் சொன்னார்:
"தேடினால் முதல் பக்கத்தில் நம்ம கம்பெனி வரணும்."
எழுதிக் கொடுத்தேன்.
ரோஸ்ஹில்லில் கூரை நீர்த்தடுப்பு,
தரமான கூரை நீர்த்தடுப்பு,
மலிவான கூரை நீர்த்தடுப்பு என்று
ஒரே பக்கத்தில் இருபத்து மூன்று கூரைகள்.
வாய்விட்டு வாசித்தால் நாக்கில் சிமெண்ட் ஒட்டும்.

கூகுள் எங்களை நான்காம் பக்கத்துக்குத் தள்ளியது.
அங்கே ஈ கூடப் போகாது.

ஜனவரியில் ஒரு புயல். எச்சரிக்கை மூன்றாம் வகுப்பு.
மின்சாரம் போயிற்று.
என் படுக்கைக்கு நேர் மேலே
சொட்டு.
பிறகு இன்னொன்று, கொஞ்சம் தள்ளி.

ஒரு கையில் வாளி. மறு கையில்
ஒன்பது சதவீதம் சார்ஜ்.
கட்டைவிரல் தானாகத் தட்டியது:
துவா பே கூலே.
கூரை ஒழுகுது.
இந்த நேரத்தில் யாரைக் கூப்பிட.

நீர்த்தடுப்பு என்ற சொல்
அந்த இரவு முழுக்க
என் வாய்க்கு வரவே இல்லை.

விடிந்ததும் அழித்தேன்
இருபத்திரண்டு கூரைகளை.
தலைப்பில் ஒழுகல் வந்தது. முதல் வரியில் ஊர்.
கீழே, க்ரியோலில், நனைந்தவன் கேட்கும் கேள்வி,
அதற்கு நேரான பதில்,
எடுக்கிற ஒரு ஃபோன் நம்பர்.

மார்ச்சில் இரண்டாம் பக்கத்துக்கு ஏறினோம்.
மூத்துக்கர்ப்பென் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.
"கூரை ஒன்றுதான் இருக்கு.
இருபத்து மூன்றுக்கல்லவா காசு கொடுத்தேன்?"

கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
முதலில் ஓர் ஆளை அனுப்புங்கள்,
என் படுக்கை இன்னும் நனைகிறது.