பதினேழாம் தேதி

எங்கள் மொட்டைமாடிக்குப் படி கிடையாது.
இரும்பு ஏணியில் கயிறு கட்டி
நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள்
பல்கலைக்கழகத்துப் பெட்டியை.
தகரக் கூரை போட்ட புறாக்கூண்டு மாதிரி.
உள்ளே புறாவுக்குப் பதில் ஒரு மோட்டார்.

“காத்தை இழுக்கும் அக்கா, அவ்ளோதான்” என்றாள் ஷெரின்.
எர்ணாவூரில் அதுக்கு மெஷின் எதுக்கு,
நாங்க இல்லியா என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

நான் இஸ்திரி போடுகிறவள்.
வெள்ளையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
பள்ளிக்கூடச் சட்டை ஒரு வெள்ளை,
நர்சம்மா கோட்டு ஒரு வெள்ளை,
நீலம் தூக்கிப்போன வேட்டி இன்னொன்று.
அவள் இடுக்கியில் பிடித்து வைத்த தாள்
இதில் எதிலும் சேரவில்லை.
விரல் படக்கூடாதாம். வைக்குமுன் எடை பார்த்தாயிற்று,
ஒரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்களாம்.
கூடின எடைதான் நாங்கள் உள்ளே வாங்கியது.

மறுநாள் எடுத்த தாளின் நிறத்தை
நான் முன்பே பார்த்திருக்கிறேன்,
கொடியில் காய்ந்த சட்டையின் தோள்மடிப்பில்.
தண்ணீர் தெளித்ததும் கரைந்து ஓடினால் சாம்பல்;
பெட்டி வைத்ததும் இழுசிக்கொண்டு வந்தால் எண்ணெய்க்கரி.
தேய்த்துக் காட்டினேன்.
அடுத்த வாரத்திலிருந்து அவள் நோட்டில்
எனக்கும் ஒரு கட்டம்: கொடியில் என்ன நிறம்,
காற்று எந்தப் பக்கம்.
கடலுக்குப் போகிற கொழுந்தன் பெயர் சொல்லுவான்,
வாடை அடித்தால் சாம்பல்,
கச்சான் அடித்தால் மணலி,
கொண்டல் வந்தால் ஒரு நாள் துணி பிழைக்கும்.

கரண்ட் எங்கள் மீட்டரில்.
மாசம் முந்நூறு தருவதாகப் பேச்சு.
இரண்டு மாசம் வரவில்லை; கையெழுத்து எங்கோ நிற்குதாம்.
ஷெரின் தன் பர்ஸைத் திறந்தாள். வேண்டாம் என்றேன்.
மூன்றாம் மாசம் வாங்கிக்கொண்டேன்.

பதினேழாம் தேதி ராத்திரி
பையனுக்கு இழுப்பு.
நெபுலைசர் ஒரு சத்தம், மேலே மோட்டார் ஒரு சத்தம்,
நடுவே அவன் மூச்சு எங்கே இருக்கிறதென்று
எனக்குக் கேட்கவில்லை.
ஏணியேறி சுவிட்சை அணைத்தேன்.
விடிந்துதான் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆலையைப் பெரிசாக்கக் கருத்துக் கேட்டார்கள்,
கல்யாண மண்டபத்தில், ஏசி போட்டு.
திரையில் எங்கள் மாடி
மேடும் பள்ளமுமாய் ஒரு கோடாக ஓடியது.
ஓரிடத்தில் கோடே இல்லை.
கம்பெனிக்காரரின் சிவப்புப் புள்ளி
அங்கே போய் நின்று ஆடியது:
“இந்தத் தரவே ஓட்டை.”

“எட்டு மணி நேரம் இல்லை” என்றாள் ஷெரின்.
“நாங்களே எழுதியிருக்கிறோம், நாற்பத்தொன்றாம் பக்கம்.
காரணம் தெரியவில்லை.”

மைக் எனக்கு உயரமாக இருந்தது.
“நான்தான் நிறுத்துனேன்.
புள்ள மூச்சு வுடுதான்னு கேக்கணும்.”
மருந்துக்கடைச் சீட்டு ரவிக்கைக்குள் இருந்தது,
தேதியோடு. நீட்டினேன்.
வாங்க யாரும் கை நீட்டவில்லை.
அப்புறம் டீ கொடுத்தார்கள்.
முடிவைத் தள்ளிவைத்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தது.

அடுத்த நாள் ஷெரின் வந்தாள், மெஷினைப் பார்க்க அல்ல.
“அந்தச் சீட்டு... தெருவுல மத்த வீட்டுலயும் இருக்குமா அக்கா?”

அரிசி டப்பா, சாமி படத்துப் பின்பக்கம், கேஸ் புக்,
எங்கெங்கோ இருந்து வந்தன,
நாற்பத்தாறு வீட்டுச் சீட்டுகள்.
தேதிவாரியாக அடுக்கி
காற்றின் பெயரோடு சேர்த்துப் பார்க்கப் போகிறாளாம்.
எல்லாம் கசங்கல். கசங்கலென்றால் என் வேலைதானே,
முதல் சீட்டை மேஜையில் விரித்தேன்.
சூடு பட்டதும் அது மொத்தமும் கறுத்துப்போனது.
தேதி, மருந்து, பெயர், ஒன்றும் மிச்சமில்லை.
கோகிலா வீட்டுச் சீட்டு. போய்ச் சொல்லவேண்டும்.

மற்றதைப் பாய்க்கடியில் பரப்பி வைத்தேன்.
பையன் மேலே படுத்திருக்கிறான்.
மாடியில் மோட்டார் ஓடுகிறது.
இன்று கொண்டல்.