லிஃப்ட் நின்ற மூன்று நாள்

மேலே போக இருபது தெத்ரி.
காசு பெட்டிக்குள் விழும் சத்தம்,
பிறகு ஓர் உறுமல்,
பிறகு என் சுவர்.

க்ல்தானியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
என் படுக்கையறையை உரசிக்கொண்டுதான் ஏறுகிறது.
ஆறு பாட்டுகளில் அது இருக்கிறது.
ஹெட்ஃபோனைக் கழற்றாமலே வாஹோ சொல்வான்:
"நுட்சா, இந்த இடத்தில்
யாரோ வீட்டுக்கு வருகிறார்கள்."

பகலில் பல் மருத்துவமனையில் முன்மேசை.
வாயைத் திறக்கச் சொல்வது டாக்டர் வேலை,
பர்ஸைத் திறக்கச் சொல்வது என் வேலை.
உள்ளே துளைக்கும் எந்திரம் என்ன சுருதி என்று
பார்க்கவே கூடாதென்று இருந்தேன்.
பார்த்துவிட்டேன். ஏழாவது பாட்டின் சுருதி.
அன்றிலிருந்து அதைப் பாடினால்
கடைவாய் கூசுகிறது.

மாலையில் துணி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.
கோட்டுகளுக்கு நடுவில் மைக்,
அந்துருண்டை வாசம்,
மடியில் பாண்டூரி.
மூன்றே நரம்பு. அதில் ஒன்று
குளிர் வந்தால் பொய் பேசும்.

ஒன்பது பாட்டு. எட்டு முடிந்துவிட்டது
என்று கேட்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
முடிந்தது என்றால் வேறொன்றுமில்லை,
திறந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு காகிதம்:
மோட்டார் போய்விட்டது. வீட்டுக்கு நாற்பது லாரி.
மாஸ்டரிங்குக்கு வைத்த பணத்தில்
அது ஏறக்குறைய அரைப் பாட்டு.
எந்தப் பாட்டில் எந்தப் பாதி என்று யோசித்தபடியே கொடுத்தேன்.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
வாயில்லாத சுவரை அன்றுதான் பார்த்தேன்.
"இப்போது பாடு, இப்போதே பாடு"
என்று போனில் துடித்தான் வாஹோ.

பாடலாம்தான்.
கீழே ஜுஜுனா நிற்கிறாள்,
இரண்டு பை உருளைக்கிழங்கு,
முழங்காலில் கட்டு,
உதவி கேட்காத முகம்.
அவளை ஒன்பதில் விட்டு இறங்கினால்
ஐந்தாம் மாடி இரட்டையரின் தள்ளுவண்டி.
அதற்கப்புறம் ஒரு நாய்,
படி என்றால் என்னவென்றே தெரியாத கிழட்டு நாய்.
அதன் சொந்தக்காரர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது,
நாயின் பெயர் பாட்டோனி.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
அது என் காதுக்குள் ஒரு பெருமூச்சு விட்டது.
அப்படி ஒன்றை
எந்த மைக்கிலும் நான் பிடித்ததில்லை.

முதல் இரவு தூங்கிவிட்டேன்.
இரண்டாம் இரவு விரல்கள் நடுங்கி
நரம்பு தன் பாட்டுக்கு ஏதோ சொன்னது.
மூன்றாம் இரவு,
நாயை மேலே விட்டுவிட்டு எட்டாம் மாடிக்கு இறங்கி,
காலணியைக்கூடக் கழற்றாமல் அலமாரிக்குள் போனேன்.
மணி இரண்டு. பொத்தானை அழுத்தினேன்.

நாலாவது வரிக்கு முன் மூச்சு வாங்கியது.
வாங்கியது என்றா சொல்வது,
திருப்பித் தரும் எண்ணமில்லாமல்
கடன் வாங்கியது போல இருந்தது.
ஆனாலும் பாட்டு கடைசி வரை போனது.
முதல்முறையாக அது என்னைக் கேட்காமல் போனது.

காலையில் வாஹோ:
"மூன்று இடத்தில் இரைக்கிறது. வெட்டிவிடவா?"
"இரண்டை வெட்டு."
"எதை விட?"
"கடைசியை."
"அதுதானே மோசம்?"
"அது எட்டாம் மாடி."
அவனுக்குப் புரியவில்லை. வெட்டாமல் விட்டான்.
புரியாமல் சரியாகச் செய்கிற ஆள்
ஊருக்கு ஒருவனாவது வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒன்பதும் போய்ச் சேர்ந்தன.
தொண்ணூற்று நாலு சதவீதத்தில் கோடு நின்றபோது
கணினி முன் நின்றபடி
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்,
எங்கள் டாக்டர் பார்த்தால் திட்டுவார்.
பிறகு ரொட்டி வாங்கப் போனேன்,
அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில்
காகிதத்தைத் தாண்டிக் கை சுட்டது.

திரும்பி வந்தால் லிஃப்ட் ஓடுகிறது.
காசு போட்டேன்.
புது மோட்டார்.
பழையதைவிட அரைச் சுரம் மேலே.

போதும், பத்தாவது கிடையாது
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்,
ஐந்தாம் மாடி வரை.