ரசமட்டம்

சங்கத்துக் கணக்கில் ஏழாம் வரி மட்டும்
தொய்ந்து கிடந்தது.
பேனாவைக் குறை சொன்னேன்.
துணி எடுக்கச் சாந்தா குரூஸ் இறங்கிய மறுநாள்
தங்கையைப் பார்த்தேன்:
தோடு இருந்தது, பின்னல் இருந்தது,
நடுவில் நிக்கொலாசா இல்லை.

இடது கண் ஆறு வருஷத்துக்கு முன்பே மங்கியது.
இது மிச்சமிருந்த கண்.

விழித்திரைக்கு அடியில் ரத்தம், என்றாள் டாக்டர் ஹிமேனா,
சுண்ணாம்புக்குப் பின்னால் ஓதம் ஏறுவதுபோல.
நாள் தள்ளினால் சுவர் உதிரும்.
உறைந்ததைக் கரைக்க ஒரு துளி மருந்து,
கரைந்ததை நடுவிலிருந்து நெட்டித் தள்ள
ஒரு குமிழி வாயு.
ஊசி உள்ளே போனபோது
எனக்குத் தெரிந்த அய்மாரா வசவு அத்தனையும்
மனசுக்குள் சொல்லி முடித்தேன்.

பிறகு உத்தரவு: குனிந்தே இரு.
சாப்பிடும்போதும். தூங்கும்போதும்.
வரி வசூலிப்பவனுக்குக் குனியாத தலை,
மாமியாருக்குக் குனியாத தலை,
மொச்சைக்கொட்டை அளவு காற்றுக்குக் குனிந்தது.

ஓரக்கண்தான் மிச்சம்.
அதைக்கொண்டு ஆட்களைக் காலால் அறிந்தேன்.
சாம்பல் பூத்த பாதம், கொத்தனார் குவால்பெர்த்தோ.
இடது செருப்பை இழுத்தால் நிக்கொலாசா.
எதிர்வீட்டுக்காரி வந்து இரங்கினாள், நெடுநேரம்;
அவள் பாதம் வாசலைப் பார்த்தே நின்றது.

எல் ஆல்தோவிலிருந்து என் வீட்டுக்காரர்:
"மகளுக்கு வலி கண்டுவிட்டது,
பஸ்ஸில் மெதுவாக ஏறி வாயேன்."
நாலாயிரம் மீட்டர்.
ஏற ஏறக் குமிழி பொங்கும், கண் தாங்காது என்றேன்.
"காற்றுதானே" என்றார்.
காற்றுக்குப் பஞ்சமான ஊரில் பிறந்தவருக்கு
எப்படி விளங்கவைப்பது.

பேத்தி பிறந்தாள்.
போனைத் தரையில் வைத்துக் காட்டினார்கள்.
ஒரு போர்வையின் விளிம்பு. உள்ளே புகை.
அழகு, என்றேன் தரையிடம்.

நிமிரலாம் என்றபின்
குமிழி பார்வையின் அடியில் தங்கியது.
தலை சாய்த்தால் சாய்ந்தது, நேராக்கினால் நேரானது,
குவால்பெர்த்தோவின் ரசமட்டம் கணக்காக.
நாளுக்கு நாள் சிறுத்தது.
ஒரு புதன்கிழமை தேடினேன், இல்லை.

பலகையில் மூன்று வரி படித்தேன்.
நாலாவதில் எறும்புகள்.
ரத்தம் கீழே இறங்கி மஞ்சளாகிக் கிடக்கிறதாம்,
மாதா மாதம் ஊசியாம்.
சரி.

கிளம்பும் நாள், பையோடு நிமிர்ந்தால்
கதவுநிலை வலப்பக்கம் சாய்கிறது.
நெஞ்சு அடைத்தது. மறுபடியுமா?
நிக்கொலாசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
"அது இவர் வைத்த நிலை.
பதினோரு வருஷமாகவே கோணல்."

குவால்பெர்த்தோ ரசமட்டம் தேடி உள்ளே போனார்.
நான் இன்னொரு முறை பார்த்தேன்,
ஆசை தீர, அந்தக் கோணலை.