எடையில் சேராதது

கம்பெனியில் மாவை நிறுத்துத்தான் தருவார்கள்.
காலையில் நாலு கிலோ உளுந்து மாவு,
சாயங்காலம் அத்தனையும் அப்பளமாகத் திரும்ப வேண்டும்.
கொட்டைப்பாக்களவு குறைந்தாலும்
மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
என் மடியைப் பார்ப்பார்.
கல்லிடைக்குறிச்சியில் இருபது வருஷமாக மாவு தேய்க்கிறேன்,
பிள்ளைக்கென்று ஒரு நுள்ளு எடுத்ததில்லை.
எடுத்தாலும்
சொரிமுத்து தொடமாட்டான்.

மூன்றரை வயசு. ஈரம் ஆகாது.
சோற்றில் ரசம் விட்டால்
ஐந்து விரலும் உள்ளே சுருண்டுவிடும்.
ஆற்றில் இறக்கினால் ஈரமணலில் ஒரு காலை ஊன்றி
மறு காலை என் இடுப்பில் அப்புவான்
கொக்குக் கணக்காக.
தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள்:
செல்லம். பயந்த கோளாறு. வயிற்றில் இருக்கையில்
நான் கிரகணம் பார்த்தது.

அம்பாசமுத்திரத்தில் எஸ்தர் டீச்சர்
ஒன்றுதான் கேட்டாள்,
"வீட்ல என்னென்ன கெடக்கு?"
நான் இல்லாததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.
"இருக்கத சொல்லுங்கக்கா."

ரேஷன் அரிசி இருந்தது.
மஞ்சள்பொடி பிசறி முறத்தில் காயப்போட்டேன்.
அதற்குள் கரண்டியைப் புதைத்தான்,
தோண்டினான், மறுபடி புதைத்தான்.
உலர்ந்ததென்றால் சம்மதம்.

தண்ணீர் பாட்டில் இருந்தது.
பாதிக்குத் தண்ணீர், இரண்டு சொட்டு நீலம்,
மிச்சத்துக்குத் தேங்காய் எண்ணெய்.
மூடியைப் பசைபோட்டு ஒட்டிக் கவிழ்த்தால்
ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல்
மேலும் கீழுமாய் இடம் மாற்றிக்கொள்ளும்
என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் போல.
அதைப் பார்த்துச் சிரித்தான். நானும்தான்.

அப்புறம் மாவு.
மைதா ஒரு தம்ளர், பொடித்த உப்பு அரைத் தம்ளர்,
எலுமிச்சை பிழிந்து, எண்ணெய் விட்டு,
பீட்ரூட் வேகவைத்த தண்ணீரில் கரைத்து
அடுப்பைத் தணித்துக் கிண்டினேன்.
கையை விட்டால் அடிப்பிடிக்கும்.
முதலில் கூழ், பிறகு கட்டி,
பிறகு சட்டியை விட்டு எழும்பி
ஒரே பந்தாய்த் திரண்டது
காதுமடல் போல மெத்தென்று.
லோடு இறக்கிவிட்டு வந்த அவர் மூடியைத் திறந்து,
"என்னட்டி இது, திங்கவா?" என்றார்.
தின்றும் பார்த்தார். உப்பு.
ராத்திரி ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

சொரிமுத்து பார்த்தான். பார்த்ததோடு சரி.
ஒரு நாள் தட்டில் வைத்தேன், ஒரு நாள் தரையில்.
பாம்பு செய்தேன், தோசை செய்தேன்,
லோடு ஆட்டோ செய்து பட்டனைச் சக்கரமாக்கினேன்.
பட்டனை மட்டும் பிடுங்கிக்கொண்டு
விரலைப் பாவாடையில் துடைத்தான்.
என் பாவாடையில்.
பகலெல்லாம் மாவு, வந்தும் மாவு.
பதினோராம் நாள் எனக்கே வெறுத்து
டப்பாவை அரிசிப்பானைக்குப் பின்னால் தள்ளினேன்.

அன்றைக்குக் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர்.
கை கழுவக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து
சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன்.
மணிக்கட்டில் ஏதோ குறுகுறுத்தது.
எறும்பென்று தட்டப் போனேன்.
விரல்.

அப்பளமாவு காய்ந்து
முழங்கை வரை வெடித்துக் கிடந்தது,
கோடையில் குளம் வெடித்தாற்போல்.
ஒரு சில்லை நகத்தால் நெம்பினான்.
உரிந்து வந்தது.
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான், நாக்கில் வைத்தான்,
காரம் பட்டு முகம் கோணித் துப்பினான்.
அடுத்த சில்லு.
கம்பெனிக்குச் சொந்தமான மாவு
தராசுக்குத் தெரியாமல்
என் தோலில் இவ்வளவு வந்திருக்கிறது.

அசையாமல் இருந்தேன். பால்காரர் கூப்பிட்டார்,
போய்விட்டார்.
மணிக்கட்டை முடித்து
மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தான்.
முழங்கை மடிப்பில், வியர்வையில்,
இன்னும் காயாத இடம் ஒன்று இருந்தது.

நான் சொல்லவில்லை.